சாக்லேட் ஊரும் பாலைவன ஊரும்: 2023 கால்டர் கோப்பை ஏன் அப்படி முடிந்தது

ஒரு கோப்பைக்காக இரண்டு மாதம் பல் உடைய, விலா வீங்க ஆடுகிறார்கள். ஆனால் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளூர இருக்கும் ஆசை, அந்த நேரத்தில் அங்கே இருக்கவே கூடாது, மேல் லீக்கில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் இரண்டாம் நிலை லீக்கான அமெரிக்கன் ஹாக்கி லீக்கை, அதாவது ஏ.எச்.எல்லைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். அதன் கோப்பைக்குப் பெயர் கால்டர் கோப்பை. மேல் லீக்கான நேஷனல் ஹாக்கி லீக்கின், அதாவது என்.எச்.எல்லின் முதல் தலைவர் ஃபிராங்க் கால்டரின் பெயர். கீழ் லீக்கின் கோப்பைக்கே மேல் லீக்கின் தலைவர் பெயர்தான் என்பதைக் கவனியுங்கள்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல்லில் 32 அணிகள். ஏ.எச்.எல்லிலும் 32. மேலே உள்ள ஒவ்வொரு அணிக்கும் கீழே ஒன்று என்று ஜோடி. கீழ் அணியில் ஆடும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் போட்டிருப்பது மேல் அணியோடு. மேலே ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால், கீழே நன்றாக ஆடுபவனுக்கு அன்று மாலையே விமான டிக்கெட். நம்மூர்க் கணக்கில் ரஞ்சியில் சதம் அடித்தவனை இந்திய அணிக்குக் கூப்பிடுவது போல என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது முழுசாகப் பொருந்தாது. ரஞ்சி அணியின் பயிற்சியாளருக்கு அவருடைய மாநிலத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும் கடமை. ஏ.எச்.எல் பயிற்சியாளருக்கோ யாரை எவ்வளவு நேரம் ஆட வைக்க வேண்டும் என்று மேலிருந்து தொலைபேசி வரும். அதற்கு மேல் ஒரு விதியும் இருக்கிறது: களமிறங்கும் 18 ஆட்டக்காரர்களில் (கோல் கீப்பர்கள் சேர்த்தி இல்லை) குறைந்தது 13 பேர் அதிகம் தொழில்முறை ஆட்டம் ஆடாதவர்களாக இருக்க வேண்டும். அதில் 12 பேருக்கு வரம்பு 260 ஆட்டங்கள், 13ஆவது ஆளுக்கு 320. அனுபவசாலிகளை அள்ளிப்போட்டுக் கோப்பையைத் தூக்கிவிடக் கூடாது, இது பயிற்சிப் பட்டறை, என்று லீக்கே எழுதி வைத்திருக்கிறது.

பணத்தையும் பார்த்துவிடலாம், அதுதான் ஆசையின் அளவுகோல். 2022-23இல் என்.எச்.எல்லின் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 7,50,000 டாலர். ஏ.எச்.எல்லின் குறைந்தபட்சம் ஏறத்தாழ ஐம்பதாயிரம். ஒரு படிதான் வித்தியாசம், சம்பளமோ பதினைந்து மடங்கு.

அப்படியானால் இந்தக் கோப்பை யாருக்குத்தான் வேண்டும்? என் பதில்: அணி யாருடையது என்று பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. 2023 இறுதித் தொடரை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைவிடத் தெளிவான ஒன்று கிடைக்காது.

ஒரு பக்கம் ஹெர்ஷி பேர்ஸ். பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்று பதினைந்தாயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிற்றூர். மில்டன் ஹெர்ஷி என்ற சாக்லேட் முதலாளி தன் தொழிற்சாலையைச் சுற்றி எழுப்பிய ஊர். முக்கியத் தெருவின் பெயரே சாக்லேட் அவென்யூ, தெருவிளக்குகள் அவர்களுடைய கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவத்தில் இருக்கும். பேர்ஸ் அணி 1938இல் ஏ.எச்.எல்லில் சேர்ந்தது, அன்றிலிருந்து இடைவெளியே இல்லாமல் ஆடுகிறது. லீக்கே 1936இல் தொடங்கியதுதான். 2005 முதல் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியோடு ஜோடி, ஆனால் பேர்ஸ் வாஷிங்டனின் சொத்து அல்ல. அதன் உரிமையாளர் ஊரின் கேளிக்கைப் பூங்காவையும் விடுதிகளையும் நடத்தும் ஹெர்ஷி நிறுவனம், அந்த நிறுவனம் ஹெர்ஷி அறக்கட்டளையின் கையில், அந்த அறக்கட்டளை இருப்பது மில்டன் ஹெர்ஷி ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்காக. சுற்றி வளைத்துப் பார்த்தால் அங்கே ஒருவர் வாங்கும் ஹாக்கி டிக்கெட்டின் ஒரு துளி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்கிறது!

இது ஏன் முக்கியம் என்றால், வாஷிங்டனுக்கு இளைஞர்கள் தேறினால் போதும், ஹெர்ஷிக்கு ஜெயிக்க வேண்டும். அந்த ஊரில் வேறு பெரிய அணி கிடையாது. பேர்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தால் பத்தாயிரத்து ஐந்நூறு இருக்கைகளுக்கு யார் வருவார்கள்? அதனால் அவர்கள் விதி அனுமதிக்கும் அத்தனை அனுபவசாலிகளையும் தேடிப்பிடித்து வைத்துக்கொள்வார்கள். 2023க்கு முன்பே 11 கோப்பைகள், லீக்கில் வேறு யாருக்கும் அத்தனை கிடையாது. ஆனால் கடைசியாக வென்றது 2010இல். பதிமூன்று வருடப் பசி.

(இடையில் ஒன்று. இவர்களுடைய பழைய அரங்கில்தான் 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அப்புறம் அந்தக் கரடி பொம்மை விஷயம்: வருடத்தில் ஒரு நாள், ஹெர்ஷி முதல் கோல் அடித்ததும் பார்வையாளர்கள் பஞ்சு பொம்மைகளைப் பனித்தரையில் எறிவார்கள், அவை தொண்டு அமைப்புகள் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும். 2023 ஜனவரியில் விழுந்தவை 67,309. எண்ணி முடிக்கும்வரை ஆட்டம் எங்கே நடக்கும், பெருக்கி அள்ளவே அவ்வளவு நேரம் ஆகும். ஒரு ஊர் தன் அணியை எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.)

இன்னொரு பக்கம் கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸ். இது 2022-23இல்தான் பிறந்தது, லீக்கின் 32ஆவது அணி. தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில், பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம், பேரீச்சைத் தோப்புகளும் கோல்ஃப் மைதானங்களும் உள்ள பள்ளத்தாக்கு. ஜூன் மாதம் வெளியே நாற்பது டிகிரி சாதாரணம், உள்ளே பனித்தரை. ஐஸ் ஹாக்கிக்கு இந்த ஊர் எதற்கு என்று கேட்டால், அதன் மேல் அணியான சியாட்டில் கிராக்கன் அதே கரையில் இருக்கிறது, அரங்கம் கட்டி நடத்தும் ஓக் வியூ என்ற நிறுவனம் சியாட்டிலிலும் பாலைவனத்திலும் இரண்டு அரங்கங்களையும் எழுப்பியது, ஓய்வு பெற்ற வசதிக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் இடம் இது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சீசன் தொடங்கும்போது அரங்கம் தயாராகவில்லை! முதல் இரண்டு மாதம் வெளியூர்களிலும், சியாட்டிலில் இரவல் தரையிலுமாக ஆடினார்கள். சொந்த ஊரில் முதல் ஆட்டம் 2022 டிசம்பர் 18 அன்றுதான்.

வீடில்லாமல் திரிந்த அந்த அணி 72 ஆட்டங்களில் 103 புள்ளி எடுத்தது. லீக்கிலேயே இரண்டாவது. முதலிடத்தில் 106 புள்ளியோடு கால்கரி ராங்லர்ஸ். ஹெர்ஷிக்கு 97.

இங்கேதான் பிளேஆஃப் அட்டவணையின் வேடிக்கை வருகிறது, இதை விளக்காமல் மற்றதைச் சொன்னால் புரியாது. 32இல் 23 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளுக்குப் போகின்றன. ஆனால் லீக் நான்கு பிரிவாக இருக்கிறது, பிரிவுகள் ஒரே அளவில் இல்லை. பசிபிக் பிரிவில் 10 அணிகள், அவற்றில் 7 உள்ளே வரும், முதலிடம் மட்டும் முதல் சுற்றைத் தாண்டிக் குதிக்கலாம். மற்ற ஆறும் மூன்று ஆட்டச் சுற்றில் மோத வேண்டும். அட்லாண்டிக்கில் 8 அணிகள், 6 உள்ளே, முதல் இரண்டுக்கும் நேரடி நுழைவு. கால்கரியும் கோச்செல்லாவும் ஒரே பிரிவில் இருந்ததால், லீக்கின் இரண்டாவது சிறந்த அணி முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டியதாயிற்று. அட்லாண்டிக்கில் இரண்டாவது வந்த ஹெர்ஷி, ஆறு புள்ளி குறைவாக எடுத்தும், வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அநியாயம்தான், ஆனால் பயண தூரத்தையும் பணச்செலவையும் கணக்கில் வைத்துப் போட்ட அட்டவணை என்பதால் யாரும் பெரிதாகக் கத்துவதில்லை.

விளைவைப் பாருங்கள். கோச்செல்லா டூசானை மூன்று ஆட்டத்தில், கொலராடோ ஈகிள்ஸை ஐந்தில், கால்கரியை ஐந்தில், மில்வாக்கியை ஆறில் வென்றது. இறுதித் தொடரின் ஏழையும் சேர்த்தால் 26 ஆட்டங்கள். ஹெர்ஷி சார்லட்டை நான்கில், ஹார்ட்ஃபோர்டை மூன்றே ஆட்டத்தில், ராசெஸ்டரை ஆறில் முடித்தது, இறுதித் தொடரோடு மொத்தம் 20. சதைக்கும் எலும்புக்கும் ஆறு ஆட்டம் கூடுதல் என்பது சின்ன விஷயம் இல்லை. கால்கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவர்களுடைய கோல் கீப்பர் டஸ்டின் வுல்ஃப் அந்த வருடம் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கியவர். 72 ஆட்டம் முதலிடத்தில் இருந்துவிட்டு ஐந்து ஆட்டத் தொடரில் வெளியே போய்விட்டார்கள். குறுகிய தொடர்களில் அப்படித்தான், கோல் கீப்பர் ஒருவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால்கூடச் சீசன் போச்சு.

அடுத்து, ஆள் நகர்த்தும் கணக்கு. மேல் அணி தோற்று வெளியே வந்ததும் நட்சத்திரங்களைக் கீழே இறக்கிவிட்டுக் கோப்பையை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. என்.எச்.எல்லில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள் அன்று யார் கீழ் அணியின் பட்டியலில் இருக்கிறார்களோ அவர்கள்தான் தகுதி. அதனால் அப்போதெல்லாம் அந்த நாளில் மேல் அணிகள் சில இளைஞர்களைக் காகிதத்தில் மட்டும் கீழே அனுப்பி, சில மணி நேரத்தில் திரும்ப அழைத்துக்கொண்டன. பையன் ஊரைவிட்டே நகர்ந்திருக்க மாட்டான், ஆனால் வசந்தத்தில் கீழே ஆடத் தகுதி வந்துவிட்டது. வெளிப்படையான ஏமாற்றுத்தான், எல்லோரும் செய்தது.

இன்னும் சிறு வயதினருக்கு வேறு கதவு. ஷேன் ரைட் என்ற பையன், என்.எச்.எல் அணிகள் வருடாவருடம் இளைஞர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில் 2022இல் நான்காவதாகத் தேர்வானவன், அப்போது 19 வயது. கனடாவின் ஜூனியர் லீக்குகளோடு அப்போது இருந்த ஒப்பந்தப்படி, அங்கிருந்து வந்த 20 ஆகாத பையனை ஒன்று என்.எச்.எல்லில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், நடுவில் உள்ள ஏ.எச்.எல்லில் சீசன் முழுக்க ஆட விட முடியாது. பெரியவர்களோடு ஆட இன்னும் உடம்பு இல்லை, சின்னவர்களோடு ஆடினால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, அந்த மாதிரி நிலை. அவனும் அந்த ஒரே சீசனில் சியாட்டில், ஆட்டப் பழக்கத்துக்காகக் கொஞ்ச நாள் மட்டும் கோச்செல்லா, ஜூனியர் உலகக் கோப்பையில் கனடாவின் தலைவன், பிறகு ஜூனியர் லீக் என்று பந்தாடப்பட்டு, ஜூனியர் அணி பிளேஆஃபில் தோற்ற பிறகுதான் கோச்செல்லாவுக்குத் திரும்பி வந்து சேர்ந்தான்.

எதிர்த் திசையில் போனவர் டை கார்ட்டியே. யாரும் தேர்ந்தெடுக்காத பையன், கோச்செல்லாவில் ஆடி அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனவர். ஏப்ரலில் சியாட்டிலுக்காகக் கோல் அடிக்கும் முக்கிய வீரர் ஒருவர் காயம்பட, கார்ட்டியேவுக்கு அழைப்பு வந்தது. என்.எச்.எல்லில் முதல் ஆட்டம், அதுவும் முந்தைய வருடச் சாம்பியன் கொலராடோவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், அதிலேயே கோல். கோச்செல்லா தன் பிளேஆஃபின் நடுவில் இப்படி ஒரு ஆளை இழந்தது. யாரும் வருத்தப்படவில்லை, கைதட்டினார்கள். முதல் பத்தியில் சொன்ன முரண்பாடு இதுதான்.

சரி, இறுதித் தொடர். ஏழில் நான்கு வென்றவருக்குக் கோப்பை. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறக்க வேண்டும், மூன்று மணி நேர வித்தியாசம், அதனால் முதல் இரண்டு ஆட்டம் பாலைவனத்தில், நடு மூன்று ஹெர்ஷியில், கடைசி இரண்டு மறுபடி பாலைவனத்தில் என்று ஏற்பாடு.

முதல் ஆட்டம் கோச்செல்லா 5-0. இரண்டாவது 4-0. ஹெர்ஷி இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, எதிரே கோல் வலையில் ஜோயி டக்கார்ட் சுவர் மாதிரி நின்றார். அதோடு முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் ஹெர்ஷியின் பயிற்சியாளர் டாட் நெல்சன் இதற்கெல்லாம் பதறுகிற ஆள் இல்லை. இந்தக் கோப்பையை ஆட்டக்காரராக 1994இல் போர்ட்லண்டிலும், துணைப் பயிற்சியாளராக 2008இல் சிகாகோவிலும், தலைமைப் பயிற்சியாளராக 2017இல் கிராண்ட் ராபிட்ஸிலும் வென்றவர். ஊருக்குத் திரும்பியதும் மூன்று ஆட்டத்தையும் ஹெர்ஷி வரிசையாக எடுத்தது, மூன்றும் ஒரே கோல் வித்தியாசத்தில். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை என்பது என் கணிப்பு. இடத்தைச் சுருக்கி, ஆட்டத்தை மந்தமாக்கி, ஒரு கோல் போதும் என்ற நிலைக்கு இழுத்தார்கள். வயதான அணிகளுக்குத் தெரிந்த வித்தை அது. ஆறாவது ஆட்டம் மறுபடி பாலைவனம், கோச்செல்லா சமன் செய்தது.

ஏழாவது ஆட்டம், ஜூன் 21. கோச்செல்லா 2-0 என்று முன்னால் போனது. அப்புறம் கானர் மெக்மைக்கேல் ஒன்று, ஹெண்ட்ரிக்ஸ் லாப்பியேர் ஒன்று, 2-2. இருவருமே வாஷிங்டன் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த இளைஞர்கள், மேலே போகப்போகிறவர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதாவது பட்டறை தன் வேலையைச் செய்தது. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. சாதாரண சீசனில் ஓவர்டைம் என்றால் பக்கத்துக்கு மூன்று ஆட்டக்காரர்கள், ஐந்து நிமிடம், அதற்கும் மேல் பெனால்டி போட்டி. பிளேஆஃபில் அந்தச் சலுகை இல்லை. முழு அணியோடு இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், யாராவது ஒரு கோல் அடிக்கும்வரை, அது காலை ஆனாலும் சரி.

16 நிமிடம் 19 விநாடியில் மைக் வெக்கியோனி அடித்தார். கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டியிருந்தது. ஹெர்ஷிக்கு 12ஆவது கோப்பை.

யார் இந்த வெக்கியோனி? அப்போது 30 வயது. 2017இல் ஃபிலடெல்ஃபியாவுக்காக என்.எச்.எல்லில் ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டங்கள், அதற்குப் பின் ஆறு வருடம் கீழேயே. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய கோல் கீப்பர் ஹன்டர் ஷெப்பர்டும் எந்த அணியும் தேர்ந்தெடுக்காதவர், இன்னும் ஒரு படி கீழே இருந்த லீக்கிலிருந்து ஏறி வந்தவர். அணித் தலைவர் டிலன் மெக்கில்ராத் 2010இல் பத்தாவதாகத் தேர்வான பெரிய நம்பிக்கை, அது பலிக்காமல் ஊர் ஊராகச் சுற்றி ஹெர்ஷியில் நிலைத்தவர். லீக்கின் விதிகள் எல்லாம் இளைஞர்களுக்காக எழுதப்பட்டவை, ஆனால் ஜூன் மாதம் வரும்போது தொடரை முடித்துவைப்பது இப்படிப்பட்ட நடுவாந்திர ஆட்கள். இவர்களுக்கு மேலே போக வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது, அதனால் இந்தக் கோப்பை அவர்களுக்கு நிஜமான கோப்பை. ஹெர்ஷி மாதிரி ஜெயித்தே ஆக வேண்டிய உரிமையாளர்தான் அவர்களுக்கு இடம் கொடுப்பார்.

கோச்செல்லா தோற்றது என்று சொன்னால் சியாட்டில் ஒருவேளை ஒத்துக்கொள்ளாது. டக்கார்ட் அடுத்த சீசனிலேயே மேலே போய், 2024 புத்தாண்டு அன்று திறந்தவெளியில் நடந்த வின்டர் கிளாசிக் ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் நின்றார், அந்த ஆட்டத்தின் வரலாற்றில் அப்படிச் செய்த முதல் கோல் கீப்பர். துணைப் பயிற்சியாளர் ஜெசிகா கேம்பெல், ஏ.எச்.எல்லில் முழுநேரத் துணைப் பயிற்சியாளரான முதல் பெண், 2024இல் சியாட்டிலுக்குப் போய் என்.எச்.எல்லிலும் அப்படி முதல் பெண்ணானார். தலைமைப் பயிற்சியாளர் டான் பைல்ஸ்மா, 2009இல் பிட்ஸ்பர்க்கோடு என்.எச்.எல்லின் ஸ்டான்லி கோப்பையே வென்றவர், அவரும் 2024இல் மேலே போனார், ஒரே சீசனில் வேலையும் போனது. முதல் வருடப் பட்டறைக்கு இவ்வளவு விளைச்சல் வந்தால் மேல் அணி கோப்பையைப் பற்றி அழுமா?

அந்த ஊர்க்காரர்கள் அழுதிருப்பார்கள். அதுவும் இரண்டு முறை, ஏனென்றால் 2024 இறுதித் தொடரிலும் இதே இரண்டு அணிகள்தான். இந்த முறை ஹெர்ஷி சீசன் முழுக்க யாரையும் விடவில்லை, 72இல் 53 வெற்றி, 111 புள்ளி. இறுதித் தொடர் ஆறாவது ஆட்டத்தில், மறுபடி ஓவர்டைமில், 5-4 என்று மாட் ஸ்ட்ரோமின் கோலில் முடிந்தது. 13ஆவது கோப்பை. மெக்மைக்கேல் அந்தக் கொண்டாட்டத்தில் இல்லை, அவர் வாஷிங்டனில் நிரந்தரமாகிவிட்டார். வெக்கியோனி இருந்தார். அவருடைய என்.எச்.எல் கணக்கு அப்போதும் அதே இரண்டு ஆட்டம்தான்.